விடைக்குறிப்பில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழோடு வாரம் ஒருநாள் வருகிற போட்டித் தேர்வு இணைப்பை என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிறாள். போன வாரத்து இணைப்பில் ஒரு கேள்வி: 'இந்தியாவில் உலகமயமாதல் தொடங்கிய நாள் எது?' நான்கு தேதிகளைக் கொடுத்து, 1991 ஜூலை 24 என்பதே சரியான விடை என்று பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டிருந்தீர்கள். அவள் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டு நடையில் உலாத்திக்கொண்டிருந்தாள். ஈசிசேரில் கிடந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"அது தப்புல்லா, எம்மா."

"பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா."

"பேப்பர்ல போட்டா? அன்னைக்கு நான் கிட்டங்கியிலதான இருந்தேன். எனக்குத் தெரியாம எப்பம் வந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. அதனால் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடமில்லையென்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அவுரியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

1972இலிருந்து நாற்பது வருஷம் தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், எழுத்தராக இருந்தவன் நான். எங்கள் சரக்கு அவுரி இலையும் காயும். நீலச்சாயம் எடுக்கிற அவுரி வேறு. இது மானாவாரியாகச் சாத்தான்குளம், நாங்குநேரிப் பக்கமெல்லாம் விளைவது. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பேதி மருந்து. அரபு தேசத்துப் பக்கத்துச் செடி, எப்போதோ வந்து நம் செம்மண்ணில் வேர்விட்டுவிட்டது. பிரிட்டிஷ் மருந்து நெறிநூலில் இதன் காய்க்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். திருநெல்வேலி எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாத சீமைப் பாட்டிகள், தலைமுறை தலைமுறையாகத் திருநெல்வேலியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்கள். நம்முடைய அல்வாவுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இலையை ஆய்ந்து, உலர்த்தி, பச்சை மாறாதது முதல் நம்பர், பழுத்தது மூன்றாம் நம்பர் என்று பிரித்து, அழுத்திச் சிப்பம் போட்டு ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க்குக்கு அனுப்புவோம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் புதுத் துறைமுகம் வரவில்லை, அது 1974இல்தான் வந்தது. பழைய துறைமுகத்தில் ஆழம் காணாது. கப்பல் சில மைல் தள்ளிக் கடலில் நிற்கும், சிப்பத்தைத் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏற்றிய சரக்குக்கு, வர வேண்டிய பணத்தை ரிசர்வ் வங்கிக்குக் காட்டுகிற ஜி.ஆர். படிவம் எழுதுவது என் வேலை. ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் ரிசர்வ் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டும். 1973ஆம் வருஷத்துச் செலாவணிச் சட்டம் அவ்வளவு கடுமை. ஒருமுறை கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் பணம் வரவில்லை. முதலாளி என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேசவே இல்லை. டெலக்ஸ் எந்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இலைக்கு விலை போட்டது யார்? சாத்தான்குளத்து விவசாயி இல்லை, எங்கள் முதலாளியும் இல்லை. இதே சாதிச் செடி சூடானிலும் விளைகிறது, அதற்கு அலெக்சாந்திரியா சென்னா என்று பெயர். சூடானில் மழை பொய்த்தது என்று ஹாம்பர்க்கிலிருந்து தகவல் வந்தால் எங்கள் கிட்டங்கியில் அன்றைக்கு எல்லாருக்கும் காப்பி. அங்கே நல்ல மழை என்றால் எங்கள் ஊர் விவசாயிக்கு அடி. இதெல்லாம் 1970களில் நடந்தது, ஐயா. ஜூலை 24க்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.

உடனே ஒருவர் எழுந்து, "அப்படியானால் கொற்கையிலேயே உலகமயம் இருந்ததே! முத்து ரோமாபுரிக்குப் போனதே!" என்பார். எங்கள் ஊர் இலக்கியக் கூட்டங்களில் வருஷத்துக்கு இரண்டுமுறை இதைக் கேட்டுவிடுவேன். கொற்கை முத்துக்குளிப்பைக் கிரேக்க மாலுமி எழுதி வைத்திருக்கிறான், காயலைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறான், எல்லாம் உண்மை, பெருமைதான். ஆனால் அது பன்னாட்டு வணிகம். முத்து இங்கே எடுத்தது, அங்கே விற்றது. கப்பல் ஒரு வருஷம் தாமதித்தால் ரோமாபுரியில் ஒரு சீமாட்டியின் கழுத்து வெறுமையாக இருக்கும். கொற்கையில் யாருடைய உலையும் அதனால் அன்றைக்கே அவிந்துவிடாது. இரண்டு ஊர் சரக்கு மாற்றிக்கொள்வது ஒன்று, ஓர் ஊரின் அன்றாடம் இன்னோர் ஊரின் முடிவில் மாட்டிக்கொள்வது வேறொன்று.

மாட்டிக்கொள்வது எப்படி இருக்குமென்று சொல்லுகிறேன். காலையில் நடந்துவிட்டு நான் டீ குடிக்கிற கடை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிறது. 2022 சித்திரையில் ஒருநாள் உளுந்தவடையைக் கையில் வாங்கினால் நடுவில் ஓட்டை பெரிசாகவும் சுற்றியுள்ள வடை சிறிசாகவும் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, வடைக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"பாமாயிலு வெலையக் கேட்டியளா? இந்தோனேசியாக்காரன் அனுப்ப மாட்டேன்னுட்டான்லா. நான் என்ன செய்ய, ஓட்டையத்தான் பெருசாக்க முடியும்" என்றார் கடைக்காரர்.

இந்தோனேசியா அந்த ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருந்தது. தன் நாட்டில் எண்ணெய் விலை ஏறுகிறதென்று அவர்கள் எடுத்த முடிவு. அவர்கள் பாளையங்கோட்டையை நினைத்தா செய்தார்கள்? பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வடையின் உளுந்தில் ஒரு பங்கு பர்மா உளுந்து. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் உளுந்து சந்தைக்கு வருகிற மாதங்கள் போக, மற்ற நாளில் மியான்மர்தான் கைகொடுக்கிறது. அடுப்பில் எரிகிற வாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வரவு, அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. கருவேப்பிலையும் தண்ணீரும் கடைக்காரர் கையும்தான் நம் மாவட்டம். கொற்கை முத்தை விட இந்த ஐந்து ரூபாய் வடைதான் உலகமயம். யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. சரக்கு, பணம், ஆள், செய்தி எல்லாம் பின்னிப் பின்னி ஒருநாள் பார்த்தால் இழையைப் பிரிக்க முடியாமல் கிடக்கிறது. இதற்குப் போய்த் தேதி கேட்டால் எப்படி?

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் மூன்றையும் சேர்த்து ஆங்கில முதலெழுத்தால் எல்.பி.ஜி. என்று கட்டிவைத்திருக்கிறார்கள். மனப்பாடத்துக்கு வசதி. வடைக்கடையின் சிலிண்டருக்கும் அதே பெயர்தான் என்பது வேறு விஷயம். ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் மூன்றும் ஒரே பொருள் போல ஆகிவிட்டது.

தமிழிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஆதல், ஆக்கல். உருகுதல், உருக்குதல். ஒன்று தானாக நிகழ்வது, மற்றது ஒருவர் செய்வது. தாராளமயமாக்கல், தனியார்மயமாக்கல் இரண்டும் ஆக்கல். செய்தவர் இருக்கிறார், கோப்பு இருக்கிறது, தேதி இருக்கிறது. உலகமயமாதல் பெரும்பாலும் ஆதல். தங்கள் பத்திரிகையிலோ ஒரே பக்கத்தில் மேலே உலகமயமாதல் என்றும் கீழே உலகமயமாக்கல் என்றும் வருகிறது. பிழை திருத்துகிறவர் இரண்டும் ஒன்றென்று நினைத்திருப்பார்.

1991 ஜூலை 24 ஆக்கல் நடந்த நாள், கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிற தாராளமயமாக்கல். அன்றைக்குத்தான் மன்மோகன் சிங் நிதிநிலை அறிக்கை படித்தார், அன்றைக்கே புதிய தொழிற்கொள்கையும் வந்தது. 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள், வெளிநாட்டு முதலீட்டுக்கு வரம்பைத் தளர்த்தினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை முதல் வாரத்தில், ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாக இறக்கியிருந்தார்கள். டாலருக்கு ஏறக்குறைய 21 ரூபாய் இருந்தது 26 ஆனது. எங்கள் கிட்டங்கியில் அன்றைக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு டாலருக்கு ஐந்து ரூபாய் சும்மா கூடுகிறதே! இலை போட்ட விவசாயிக்கு அந்தப் பருவம் முழுவதும் பழைய விலைதான் கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் எழுதியவன் நான்தான்.

சரி, அந்தக் கதவை ஏன் திறந்தார்கள்? இங்கேதான் தங்கள் விடைக்குறிப்பு தலைகீழாக நிற்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. குவைத்திலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அப்போதே கிடையாது. என் மச்சினன் குவைத்தில் ஒரு கராஜில் இருந்தவன், ஒரு பையோடு வந்து இறங்கினான். அந்தப் பையில் உடுப்பு இரண்டு, ஒரு டைமாண்டு ஸ்பேனர். ஸ்பேனரை ஏன் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இந்த அடியெல்லாம் சேர்ந்து, ஏற்கெனவே கடன் முற்றியிருந்த கஜானாவில் இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிஞ்சியது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை வெளியே கொண்டுபோய் அடகு வைத்தோம். வீட்டில் நகையை அடகு வைத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்று புரியும்.

பாருங்கள், நாம் உலகத்தோடு ஏற்கெனவே பின்னிக் கிடந்ததால்தான் குவைத்தில் விழுந்த குண்டு நம் கஜானாவை உடைத்தது. உடைந்ததால்தான் தாராளமயம் வந்தது. முன்னதைப் பின்னதாக எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள். தாராளமயம் வந்தபின் பின்னல் இன்னும் இறுகியது, அதை மறுக்கவில்லை.

1991இல் கதவு முழுசாகத் திறந்தது என்பதும் சரியில்லை. கடையில் வாங்குகிற வெளிநாட்டுப் பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதன்பிறகும் பத்து வருஷம் தடை இருந்தது. 1995 ஜனவரி 1இல் உலக வணிக அமைப்பு வந்தது, நாமும் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர். அங்கே அமெரிக்கா வழக்குப் போட்டு நாம் தோற்றோம். 2001 ஏப்ரல் 1இல் கடைசியாக 700க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அளவுத் தடையை எடுத்தோம். ஏரல் கடைத்தெருவில் சீன டார்ச் லைட் குவிந்தது 1991இல் இல்லை, அதற்குப் பிறகுதான். அதேபோல, திறந்த கதவை மூடவும் முடியும். கோவில்பட்டித் தீப்பெட்டிக்காரர்கள் சீன லைட்டரைப் பற்றி வருஷக்கணக்காக மனுக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது, மறுவருஷம் அதன் உதிரிபாகங்களையும் சேர்த்தது. தாழ்ப்பாள் நம் பக்கத்திலும் இருக்கிறது என்று இதைவிட எப்படிக் காட்டுவது?

தனியார்மயத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அரசாங்கம் தன் மில்லை நம்மூர் முதலாளிக்கே விற்றாலும் அது தனியார்மயம்தான், அதில் எந்த வெளிநாடும் வர வேண்டிய அவசியமில்லை. இதற்கு நேர் எதிராகக் கூடங்குளத்தைப் பாருங்கள். முழுக்க அரசாங்கச் சொத்து. உலையோ ரஷ்யாவினுடையது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட சோவியத் நாடே 1991 டிசம்பரில் இல்லாமல் போய், 1998இல் ரஷ்யாவோடு மறுபடி எழுதி, 2013இல் மின்சாரம் வந்தது. தாராளமயமும் அல்ல, தனியார்மயமும் அல்ல. இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த காரியம், அதற்குப் பன்னாட்டு உறவு என்று பெயர். எல்.பி.ஜி. புத்தகத்தில் இதை எந்த எழுத்துக்குக் கீழே போடுவார்கள்?

காலனி ஆட்சியையும் உலகமயத்தையும் ஒன்றாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. திருநெல்வேலிப் பஞ்சுக்கு விலை எகிறியது, போர் முடிந்ததும் சரிந்தது. அது என் வடை மாதிரியேதான். ஆனால் ஆட்சி அவர்கள் கையில் இருந்தது, வரியும் போலீசும் அவர்கள் கையில் இருந்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இனாமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்லுவார்கள். கட்டணத்தைக் குறைப்பது சந்தைப் போட்டி என்றே வைத்துக்கொள்வோம். 1908இல் அவரைச் சிறையில் போட்டுச் செக்கிழுக்க வைத்ததைச் சந்தை என்று யார் சொல்வது? அங்கேதான் காலனி ஆட்சி தனியே தெரிகிறது. வ.உ.சி.க்கு வெளிநாட்டு வாணிபம் ஆகாது என்றில்லை. அவருடைய கப்பலும் கொழும்புக்குத்தான் போயிற்று. அந்தக் கப்பல்களின் பெயர்கூட வெளிநாட்டுப் பெயர்தான்: காலியா, லாவோ.

மேல்நாட்டு மோகம்தான் உலகமயம் என்றும் அடிக்கடி வாசகர் கடிதங்களில் வருகிறது. என் பேத்தி ராத்திரி பன்னிரண்டு மணிவரை பார்ப்பது தமிழில் பேசுகிற கொரியத் தொடர். கொரியா நமக்குக் கிழக்கே இருக்கிறது.

இதெல்லாம் சொல் விளையாட்டு, கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று தோன்றலாம். ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை, எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் அவுரி விலைச் சரிவைப் பற்றி மனு எழுதித் தரச் சொல்லி என்னை அழைத்துப் போனார்கள். அவர்கள் கேட்டது பெரிதில்லை. வாங்குகிற நாடு பூச்சிமருந்து மிச்சத்துக்கும் பூஞ்சைக்கும் சோதனை கேட்கிறது, அந்தச் சோதனையைப் பக்கத்திலேயே குறைந்த செலவில் செய்துகொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும், உலர்த்த ஒரு சிமெண்டுக் களம் வேண்டும். அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மனுவை வாசித்தார். "எல்லாம் உலகமயமாதல்யா. நாம என்ன செய்ய முடியும்?" என்று மடித்து வைத்தார். கூட வந்தவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்தார்கள். புயல் வந்தது, ஏரி உடைந்தது என்று சொன்னால் எழுந்து போவதில்லையா, அப்படி. சோதனைக்கூடம் கட்டாதது இந்தோனேசியா எடுத்த முடிவல்ல. களம் போடாததற்கு ஹாம்பர்க் என்ன செய்யும்? அது யாரோ எழுத வேண்டிய ஒரு கோப்பு. ஆக்கலை ஆதல் என்று சொல்லிவிட்டால் கோப்பு எழுத வேண்டியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அன்றைக்குப் பட்டென்று பதில் வரவில்லை. பஸ்ஸில் செய்துங்கநல்லூர் தாண்டிய பிறகுதான் வந்தது.

ஆகவே அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கேள்வியை 'இந்தியாவில் தாராளமயமாக்கல் அறிவிக்கப்பட்ட நாள் எது?' என்று மாற்றினால் தங்கள் விடை அப்படியே இருக்கலாம். ஒரு சொல்தான், அச்சுக்கூலி ஆகாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். வடைக் கதைக்குச் சிரித்தாள்.

"நீங்க சொல்லுததுதான் சரி தாத்தா" என்றாள்.

"அப்பம் பரீட்சையில என்ன போடுவ?"

"1991 தான். அவங்க திருத்தட்டும், பொறவு பாப்போம்."

தேர்வுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதிக் கிட்டங்கி எழுத்தர்,
பாளையங்கோட்டை.